தண்ணி இறங்காத மெஷினும் பன்னெண்டு செட்டு முண்டும்

முப்பத்தொன்பது. இந்த நம்பரை மனசுல வெச்சுக்கங்க.

எங்க வார்டுல போன வருஷம் தண்ணி வெளிய போகாம நின்னுபோன வாஷிங் மெஷின் மொத்தம் நாப்பத்தொண்ணு. நாப்பத்தொண்ணையும் பிரிச்சுப் பார்த்தது ஒரே ஆள், புஷ்பஜா. அதுல மெஷின் மேல தப்பு இருந்தது ரெண்டே ரெண்டு. மிச்சம் முப்பத்தொன்பதும் மனுஷன் கைவேலை. அந்த முப்பத்தொன்பது வீட்டுலயும் முதல் வார்த்தை ஒண்ணுதான்: "கம்பெனிக்காரன் ஏமாத்திட்டான்." கம்பெனிக்காரனுக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். முப்பது வருஷம் அவனுங்களுக்கு எதிரா நோட்டீஸ் அடிச்சு வாசல் வாசலா குடுத்தவன். அதுக்காக இல்லாததை இருக்குன்னு சொல்ல முடியாது.

புஷ்பஜாவுக்கு வயசு அம்பத்தொண்ணு. வளபட்டணம் ஆத்தோரத்துல இருந்த ஒரு பிளைவுட் கம்பெனியில பசை பூசுற பிரிவுல பத்தொன்பது வருஷம் நின்னவ. கம்பெனியை மூடப்போறாங்கன்னு தெரிஞ்சதும் ஸ்டிரைக் பண்ணோம். அறுபத்திரெண்டு நாள். நான்தான் யூனியன் ஆளா முன்னால நின்னேன், அன்னிலேர்ந்து அவளுக்கு நான் சகாவு, அதாவது தோழர். தோத்தோம். இதைச் சுத்தி வளைச்சு எழுத ஒண்ணுமில்ல. கேட்டைப் பூட்டினான், சாவியை எடுத்துக்கிட்டுப் போயிட்டான்.

அதுக்கப்புறம் அவ வீட்டுல சும்மா உக்காந்திருந்த நாள்ல, அவளோட பழைய வாஷிங் மெஷின் நின்னுபோச்சு. வந்த மெக்கானிக் பையன் முன்னால நின்னு பார்த்தான், பின்னால நின்னு பார்த்தான், "புதுசு வாங்கிக்கோ ஏச்சி"ன்னுட்டுப் போனான். இங்க அக்காவை அப்படித்தான் கூப்பிடுவாங்க. இவளுக்குக் கோவம் வந்துடுச்சு. மூணு தடவை முழுசா பிரிச்சா. மூணாவது தடவை பூட்டினப்ப ரெண்டு ஸ்க்ரூ மிச்சம். மெஷின் ஓடுச்சு. "இந்த ரெண்டும் கம்பெனிக்காரன் ஆடம்பரத்துக்குப் போட்டது"ன்னு சொல்லித் தூக்கிப் போட்டா. அன்னிலேர்ந்து இது தொழில்.

அவ பையில அதிகமா ஒண்ணும் இருக்காது. ஒரு டார்ச், ரெண்டு ஸ்க்ரூ டிரைவர், பழைய டூத் பிரஷ், கேக் சுடுற ஒரு தட்டையான தட்டு, உடைஞ்ச குடையிலேர்ந்து எடுத்த ஒரு கம்பி. எந்த வீட்டுக்குப் போனாலும் முதல்ல மூணு கேள்வி கேப்பா. என்ன போட்டீங்க? என்ன ஊத்தினீங்க? கடைசியா யாரு தொட்டது? பதிலும் எல்லா வீட்டுலயும் ஒண்ணுதான். துணி. சோப்பு. நான் இல்ல.

"மூணுல ரெண்டு பொய்"னு என்கிட்ட சொல்வா. "எந்த ரெண்டுன்னு மெஷின் சொல்லும்."

மெஷின் என்னென்னவோ சொல்லியிருக்கு. கொலுசுத் திருகு, பேரனோட பால் பல்லு, தேர்தல்ல தோத்த கட்சியோட பேட்ஜ். அந்த பேட்ஜ் இருந்தது எங்க கட்சிக்காரன் வீட்டு மெஷின்ல. யாரு வீடுன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. நானும் புஷ்பஜாகிட்ட எல்லா விதமாவும் கேட்டுப் பார்த்தேன். சாயா வாங்கிக் குடுத்தேன். ரெண்டாவது சாயாவும் வாங்கிக் குடுத்தேன்.

"சகாவே, டாக்டர் வயித்தைக் கிழிச்சு உள்ள பார்த்ததை பஸ் ஸ்டாண்டுல வந்து சொல்வாரா?"

"இது வயிறு இல்லியே."

"வயிறுதான். வீட்டோட வயிறு. மூணாவது சாயா வேண்டாம், எழுந்திரிங்க."

இவ்வளவும் எல்லாருக்கும் தெரியும். தெரியாதது ஒண்ணு இருக்கு. அவளுக்குக் கைகொட்டிக்களி ஆடணும். விளக்கைச் சுத்தி வட்டமா நின்னு பாட்டுக்குக் கை தட்டி ஆடுவாங்களே, அது. ஓணம் முடிஞ்ச மறுநாள், அவிட்டத்தன்னிக்கு, எங்க உதயம் வாசகசாலையில ஆண்டுவிழாப் போட்டி. எங்க வார்டு அணிக்குப் பேரு இருக்கு, கோப்பை இல்ல. அஞ்சு வருஷமா கிழக்கு வார்டுதான் தூக்கிட்டுப் போகுது. நான் வாசகசாலை செயலாளர். என் கையாலயே அஞ்சு தடவை எடுத்து நீட்டியிருக்கேன். வயித்தெரிச்சல்.

இந்த வருஷம் புஷ்பஜா அணியில சேர்ந்தா. ரெண்டு மாசம் சாயந்திரம் சாயந்திரம் ஒத்திகை. காரணம் என்கிட்ட மட்டும் சொன்னா: "இந்த ஊர்ல எல்லா வீட்டுக்கும் நான் பின்வாசல் வழியாத்தான் போறேன் சகாவே. சமையக்கட்டுக்குப் பின்னாடி மெஷின், மெஷினுக்குப் பின்னாடி நான். பாதி பேருக்கு என் முதுகுதான் தெரியும். ஒரு நாள் வெளிச்சத்துல நிக்கணும். இந்தப் பக்கம் திரும்பி."

ஆனா அவளுக்கு ஒரு கோளாறு. பாட்டோட மூணாவது சுத்துல எல்லாரும் வலது பக்கம் திரும்பணும். இவ இடது பக்கம் திரும்புவா. இடது கைக்காரி. ஒரு தடவை ரெண்டு தடவை இல்ல, ஒவ்வொரு தடவையும். பக்கத்துல ஆடுற ரம்லத்தோட நெத்தி மூணு தடவை வீங்கிப்போச்சு. ஓணத்துக்கு மூணு வாரம் இருக்கிறப்ப, அணித் தலைவி வனஜாட்சி டீச்சர் அவளைக் கூப்பிட்டு, "புஷ்பஜே, நீ அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்"னு சொல்லிட்டாங்க. பன்னெண்டாவது ஆளா டீச்சரே வட்டத்துல நின்னாங்க. அதுவரைக்கும் ஓரமா நின்னு பாடிக்கிட்டு இருந்தவங்க, பாட்டை ஃபோன்ல பதிஞ்சு வெச்சுட்டு ஆட இறங்கிட்டாங்க. ஜோடி ஜோடியா கை தட்டுற ஆட்டம். பன்னெண்டுக்கு மேல ஒண்ணு சேர்ந்தா ஜோடி நிக்காது. அதனால புஷ்பஜா வீட்டுக்குப் போயிட்டா. ஒண்ணும் பேசல. அவ பேசாம போனா எனக்குப் பயம். ஸ்டிரைக் முடிஞ்ச அன்னிக்கும் அப்படித்தான் போனா.

இனி அவிட்டத்தன்னிக்கு வர்றேன்.

காலையில எட்டு மணி. புட்டை உடைச்சு ஒரு வாய் வெச்சிருப்பேன், ஃபோன். வனஜாட்சி டீச்சர். முப்பத்திரெண்டு வருஷம் அஞ்சாங்கிளாஸ் எடுத்த குரல். அந்தக் குரல் நடுங்கிக் கேட்டது அன்னிக்குத்தான்.

"செயலாளரே, உடனே வாங்க. உடுப்பெல்லாம் உள்ள மாட்டிக்கிச்சு."

போனேன். சமையக்கட்டுக்குப் பின்னாடி மெஷின். முன்னால வட்டக் கண்ணாடிக் கதவு. கதவுக்குப் பின்னால பாதி உயரத்துக்குத் தண்ணி, தண்ணிக்குள்ள பன்னெண்டு செட்டு முண்டு, ஆட்டத்துக்கு உடுத்துற ரெண்டு துண்டு வெள்ளைச் சேலை. அதோட கசவுக் கரை, தங்கச் சரிகை, கண்ணாடியில ஒட்டிக்கிட்டு, ஜெயில்ல பார்க்க வந்தவங்களைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கிட்டு இருந்துச்சு. மெஷின் கீங் கீங்னு கத்துது. தண்ணி உள்ள இருக்கிற வரைக்கும் கதவு திறக்காது. அதோட சட்டம் அது.

"எல்லார் முண்டும் இங்க எப்படி வந்துச்சு டீச்சரே?"

"நான்தான் வாங்கிட்டு வந்தேன். போன வருஷம் ஒவ்வொருத்தியும் ஒவ்வொரு விதமா கஞ்சி போட்டுட்டு வந்தா. ஒருத்தி முண்டு பலகை மாதிரி, ஒருத்தி முண்டு வாழை இலை மாதிரி. நடுவர் அதைத்தான் முதல்ல எழுதினார். அதனால இந்த வருஷம் ஒரே கஞ்சி, ஒரே விறைப்பு. காலையில துவைச்சு முடிஞ்சதும் கதவைத் திறந்து கஞ்சியை ஊத்தி, இன்னொரு தடவை சுத்த விட்டேன். அவ்வளவுதான்."

ரம்லத் அங்க முன்னமே வந்து நின்னுக்கிட்டு இருந்தா. ஆட்டோ ஓட்டுறவ. வாய் ஹாரன் மாதிரி. "டீச்சரே, நாலு மணிக்குப் போட்டி. நான் நைட்டியோட வட்டத்துல நிக்கட்டா? பூப்போட்ட நைட்டி இருக்கு. ஓணத்துக்குப் பொருத்தமா இருக்கும்."

"நீ சும்மா இரு."

"கம்பெனிக்கு ஃபோன் பண்ணீங்களா?"ன்னேன்.

"பண்ணேன். ஓணம் லீவு. திங்கக்கிழமை வர்றாங்களாம். எல்லாம் கம்பெனிக்காரன் ஏமாத்து வேலை."

நானும் ரம்லத்தும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டோம். இந்த ஊர்ல ஓணத்தன்னிக்கும் வர்ற மெக்கானிக் ஒருத்திதான். அந்தப் பேரை டீச்சர் வாயிலேர்ந்து வர வைக்கணும்னு ரம்லத் காத்திருந்தா.

"யாரையாவது கூப்பிடணுமே டீச்சரே. யாரைக் கூப்பிடலாம்? எனக்கு யாரும் ஞாபகம் வரலியே."

டீச்சர் அவளை முறைச்சாங்க. அப்புறம் மெதுவா, "புஷ்பஜாவைக் கூப்பிடு"ன்னாங்க.

"யாரு? சரியா கேக்கல."

"ரம்லத்தே!"

"இதோ போறேன், வண்டியிலயே தூக்கிட்டு வர்றேன்."

கால் மணி நேரத்துல வந்து இறங்கினா. வழக்கம்போல பின்வாசல் வழியா. நான் கிணத்தடியில அவளை நிறுத்தினேன். என் மூளை பழைய வழியிலதான் ஓடும், மாத்த முடியாது.

"புஷ்பஜே, வேலையைத் தொடங்காத. முதல்ல பேச்சுவார்த்தை. கோரிக்கையை வை. உனக்கு வட்டத்துல இடம். இல்லேன்னா பையைத் திறக்காத. இப்ப அவங்க குடுமி நம்ம கையில இருக்கு."

அவ என்னை மேலேர்ந்து கீழ பார்த்தா.

"சகாவே, நீங்க சொன்னபடி ஒரு தடவை அறுபத்திரெண்டு நாள் வெயில்ல உக்காந்தேன்."

"அது வேற..."

"துணி கஞ்சித் தண்ணியில ஊறுது. இன்னும் ரெண்டு மணி நேரம் போனா நாத்தம் பிடிக்கும். பன்னெண்டு பேர் உடுப்பு. பதினொரு பேர் எனக்கு ஒண்ணும் பண்ணல. தள்ளுங்க."

தள்ளினேன்.

உள்ள போனதும் முதல் வேலையா மெஷினோட பிளக்கைப் பிடுங்கினா. கீங் கீங் நின்னுச்சு. அந்த அமைதியே பாதி வைத்தியம். அப்புறம் மூணு கேள்வி.

"என்ன போட்டீங்க டீச்சரே?"

"செட்டு முண்டு."

"என்ன ஊத்தினீங்க?"

"கஞ்சித் தண்ணி. தோர்த்துத் துண்டுல வடிகட்டினது. ரெண்டு தடவை."

"கடைசியா யாரு தொட்டது?"

 டீச்சருக்கு அஞ்சாங்கிளாஸ் குரல் திரும்பி வந்துடுச்சு. "அதைத்தான் நானும் கேக்கறேன். நான் ஊத்தினது சுத்தமான கஞ்சி. ராத்திரி உடுப்பு கொண்டுவந்து குடுத்தப்ப யாரோ ஒருத்தி முண்டு மடிப்புக்குள்ள எதையோ வெச்சுக் குடுத்திருக்கா. வெத்தலையோ, நாணயமோ, ஊசியோ. ரம்லத்தே, நீ உன் முண்டை உதறித்தானே குடுத்த?"

"நான் உதறினேன் டீச்சரே. உதறினதுல பக்கத்து வீட்டுக் கோழி ஓடிப்போச்சு."

"யாரா இருந்தாலும் சரி. செயலாளர் இருக்கார், அவர் முன்னால சொல்றேன். எவளால இது நடந்துச்சோ அவ இன்னிக்கு வட்டத்துல இல்ல. ஒழுங்குன்னா ஒழுங்கு. நீங்க எழுதிக்கங்க செயலாளரே."

நான் எதையும் எழுதல. ஆனா கேட்டுக்கிட்டேன்.

புஷ்பஜா இதுல கலந்துக்கல. மெஷினைச் சுவத்துலேர்ந்து இழுத்து பின்னால டார்ச் அடிச்சா. வெளிய போற டியூப் மடங்கியிருக்கான்னு பார்த்தா. மடங்கல. அதோட நுனியைச் சுவத்துக் குழாயிலேர்ந்து உருவி மூக்குக்கிட்ட கொண்டுபோனா. ஒரு நொடி நின்னா. என்னவோ வாசனை பிடிச்ச மாதிரி முகம் மாறுச்சு. டியூபைத் திரும்பச் சொருகினா.

முன்னால வந்து கீழ் மூலையில இருந்த சின்ன மூடியைத் திறந்தா. உள்ள ரெண்டு விஷயம் இருக்கும். ஒரு திருகு மூடி, அதுதான் ஃபில்டர். பக்கத்துல விரல் நீளத்துக்கு ஒரு ரப்பர் குழாய், நுனியில அடைப்பான். திருகு மூடியை முதல்ல திறந்தா வீடெல்லாம் வெள்ளம். அவசரக்காரங்க எல்லாரும் அதைத்தான் பண்ணுவாங்க. அவ கேக் தட்டைக் கீழ வெச்சு, ரப்பர் குழாயோட அடைப்பானை எடுத்தா.

ஒரு சொட்டு. அவ்வளவுதான். அதுவும் தண்ணி மாதிரி விழல. நூல் மாதிரி இறங்கி அந்தரத்துல தொங்குச்சு.

"மெஷினுக்குச் சளி பிடிச்சிருக்கு"ன்னா ரம்லத்.

புஷ்பஜா குடைக் கம்பியை எடுத்தா. நுனியை வளைச்சு, குழாய்க்குள்ள மெதுவா விட்டு, மெதுவா சுத்தி இழுத்தா. கொழகொழன்னு ஏதோ ஒண்ணு வந்துச்சு. அதைத் தொடர்ந்து தண்ணி. தட்டு நிறையும், அடைப்பானைப் போடுவா, நான் தட்டைத் தூக்கிட்டுப் போய் வாழை மரத்தடியில கொட்டுவேன், திரும்பி வருவேன். பதினேழு தட்டு. என் இடுப்பு எண்ணுச்சு. கண்ணாடிக்குள்ள தண்ணி விரல் விரலா இறங்குச்சு. டீச்சர் கடிகாரத்தைப் பார்க்கிறதும் கண்ணாடியைப் பார்க்கிறதுமா நின்னாங்க. பத்தரை ஆச்சு.

கடைசித் தட்டுக்கு அப்புறம் ஃபில்டரைத் திருகினா. கால் சுத்து, நிறுத்தம். இன்னொரு கால் சுத்து, நிறுத்தம். வெளிய எடுத்தா. முதுகை எங்களுக்குக் காட்டி உக்காந்திருந்ததால எங்களுக்கு முழுசா தெரியல. அவ தோள் மட்டும் ஒரு குலுங்கு குலுங்குச்சு. அழறாளோன்னு நினைச்சேன். சிரிப்பை அடக்கிக்கிட்டு இருந்திருக்கா.

சட்டுனு ஒரு பழைய பேப்பர்ல ஃபில்டரைச் சுத்தி மூடிட்டா.

"என்ன இருந்துச்சு?"ன்னாங்க டீச்சர்.

"ஒண்ணுமில்ல டீச்சரே. பழைய அழுக்கு. நூலு, பஞ்சு."

"யாரு வெச்ச ஊசி?"

"ஊசி இல்ல. மெஷின்ல கோளாறு. சில சமயம் வரும்."

நாப்பத்தொண்ணுல முப்பத்தொன்பது மனுஷன் தப்புன்னு என்கிட்ட கணக்குச் சொன்னவ, டீச்சர் முகத்தைப் பார்த்து மெஷின் தப்புன்னு சொல்றா. எனக்கு ஒண்ணும் புரியல. அவ விரலை உள்ள விட்டு மோட்டாரோட சின்ன விசிறியைச் சுத்திப் பார்த்தா. சுத்துச்சு. டூத் பிரஷால தேய்ச்சா. எல்லாத்தையும் கழுவ எழுந்தா.

அந்த நேரம் பார்த்து உத்தமேட்டன் வந்தார்.

டீச்சர் வீட்டுக்காரர். ரிட்டயர்டு போஸ்ட் மாஸ்டர். கர்க்கடக மாசம், அதாவது ஆடி, பூரா மருந்துக் கஞ்சி குடிக்கிறது இங்க வழக்கம். மழைக்காலத்துல உடம்பைத் தேத்திக்கிறதுக்கு. அரிசியோட வெந்தயம், சீரகம், என்னென்னவோ விதை. மாசம் முடிஞ்சா எல்லாரும் நிறுத்திடுவாங்க. உத்தமேட்டன் நிறுத்தல. அடுத்த சிங்க மாசம் பொறந்து ரெண்டு வாரம் ஆச்சு, மனுஷன் இன்னும் குடிக்கிறார். முட்டி வலி போயிட்டுதாம். ஒத்திகையில டீச்சர் தினமும் புலம்புவாங்க, "இந்த மனுஷனுக்கு வருஷம் பூரா கர்க்கடகம்"னு.

கையில காலி கிண்ணம். வாயைத் துடைச்சுக்கிட்டே வந்தார்.

"வனஜே, இன்னிக்குக் கஞ்சி சப்புன்னு இருந்துச்சு. வெறும் பசை. உப்புப் போட்டுத்தான் குடிச்சு முடிச்சேன். வெந்தயம் தீர்ந்துபோச்சா?"

நாங்க எல்லாரும் டீச்சரைப் பார்த்தோம். 

சமையக்கட்டு மேடையில ராத்திரி ரெண்டு பாத்திரம் இருந்திருக்கு. ஒரே அளவு, ஒரே எவர்சில்வர், ஒரே மூடி. கல்யாணத்துக்கு ஜோடியா வந்தது. ஒண்ணுல துணிக்கு வடிகட்டின கஞ்சி. ஒண்ணுல மனுஷனுக்கு மருந்துக் கஞ்சி. காலையில டீச்சர், கண்ணாடி போடாம, ஒரு கையில ஃபோன் பிடிச்சு ரம்லத்கிட்ட தலையில வைக்கிற முல்லைப்பூ பத்திப் பேசிக்கிட்டே, இன்னொரு கையால பாத்திரத்தைக் கவிழ்த்திருக்காங்க.

ரம்லத் மெதுவா போய், புஷ்பஜா கையிலேர்ந்த பேப்பரை வாங்கிப் பிரிச்சா. ஊறி ஊறி மூணு மடங்கு ஆன வெந்தயம். வழுவழுன்னு ஒரு உருண்டை. அதுல அங்கங்க சிவப்பு அரிசி.

"அட, மெஷினுக்கு முட்டி வலி போயிருக்கும்"னா.

அதுக்கு மேல அடக்க முடியல. நான் சிரிச்சேன், ரம்லத் சுவத்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சா, புஷ்பஜா தரையில உக்காந்து முந்தானையை வாயில வெச்சுக்கிட்டா. உத்தமேட்டனுக்கு விஷயம் புரிய அரை நிமிஷம் ஆச்சு. "அப்ப நான் குடிச்சது...?"ன்னு கேட்டார்.

"உங்களுக்கு இஸ்திரி போட்டுடலாம் உத்தமேட்டா. அப்படியே நிமிர்ந்து நிப்பீங்க"ன்னா ரம்லத்.

டீச்சர் சிரிக்கல. முகம் சிவந்து நின்னாங்க. புஷ்பஜாவைப் பார்த்தாங்க.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"டியூபை மோந்தப்பவே."

"அப்ப ஏன் மெஷின் தப்புன்னு சொன்ன?"

"நீங்க தீர்ப்பை முன்னாலயே சொல்லிட்டீங்க டீச்சரே. அதான்."

டீச்சர் என் பக்கம் திரும்பினாங்க. "செயலாளரே, நான் சொன்னதை எழுதினீங்களா?"

"இல்ல டீச்சரே. வேணும்னா மறந்துடறேன்."

"மறக்கவெல்லாம் வேண்டாம். முப்பத்திரெண்டு வருஷத்துல, சொன்ன சொல்லை மாத்துன டீச்சர்னு ஒரு பிள்ளை என்னைச் சொன்னதில்ல." மூச்சு விட்டாங்க. "நான் வட்டத்துல இல்ல. ஓரமா நின்னு பாடுறேன். ஃபோன் பாட்டு வேண்டாம். புஷ்பஜே, பன்னெண்டாவது இடம் உனக்கு."



"மூணாவது சுத்து எந்தப் பக்கம்?"ன்னாங்க டீச்சர்.

"வலது."

"எது வலது?"

புஷ்பஜா கையைத் தூக்கினா. ரம்லத் அந்தக் கையைப் பிடிச்சுக் கீழ இறக்கி, இன்னொரு கையைத் தூக்கி விட்டா.

அதுக்கப்புறம் நேரம் ஓடின ஓட்டம் சொல்லி முடியாது. கதவு திறந்துச்சு. முண்டெல்லாம் வெந்தயக் குழம்புல முக்கின மாதிரி வழுக்குச்சு. மிச்சப் பத்துப் பெண்களும் வந்து இறங்கினாங்க. கிணத்தடியில வரிசையா நின்னு, நான் இறைக்க இறைக்க அலசினாங்க. மறுபடி கஞ்சி போட நேரமில்ல. தேவையும் படல. வெந்தயம் பிடிச்ச பிடியில, வாசகசாலை மொட்டை மாடி வெயில்ல ஒரு மணி நேரம் காஞ்சதும், ஒவ்வொரு முண்டும் பிளைவுட் மாதிரி நின்னுச்சு. புஷ்பஜா ஒண்ணைத் தட்டிப் பார்த்து, "முதல் தரம். நம்ம கம்பெனி சரக்கு கூட இப்படி வராது சகாவே"ன்னா. மூணு இஸ்திரிப் பெட்டி ஓடுச்சு. ஃபியூஸ் ஒரு தடவை போச்சு. அதையும் அவதான் போட்டா.

நாலேகாலுக்கு எங்க அணியைக் கூப்பிட்டாங்க.

வெளிச்சத்துல பன்னெண்டு பேர். நடுவுல விளக்கு. புஷ்பஜா எங்க பக்கம் திரும்பி நின்னா. தலையில முல்லைப்பூ. நகத்துக்குள்ள மட்டும் கொஞ்சம் கறுப்பு. கூட்டத்துல ஒருத்தன், "அது யாருடா?"ன்னு கேட்டான். பக்கத்துல இருந்தவன், "நம்ம மெஷின் ஏச்சிடா!"ன்னான். "முன்னாலேர்ந்து பார்த்ததே இல்லியேடா!"

டீச்சர் மைக்கைப் பிடிச்சுப் பாடினாங்க. ஃபோன் பாட்டுல இல்லாத ஒரு உயிர் அதுல இருந்துச்சு, அதை ஒத்துக்கணும். முண்டு விறைப்பா இருந்ததால ஒவ்வொரு அடிக்கும் சரக் சரக்னு ஒரு சத்தம், தாளத்தோட. முதல் சுத்து சரி. ரெண்டாவது சுத்து சரி. மூணாவது சுத்து. பதினொரு பேர் வலது பக்கம் திரும்பினாங்க.

புஷ்பஜா இடது பக்கம் திரும்பிட்டா.

ரம்லத் இந்தத் தடவை தயாரா இருந்தா. தலையைக் குனிஞ்சு தப்பிச்சா. டீச்சர் மைக்குல அந்த வரியை முடிக்காம மறுபடி இழுத்துப் பாடினாங்க. இன்னொரு தடவை. இன்னொரு தடவை. புஷ்பஜா முழுசா ஒரு சுத்து சுத்தி, எல்லாரும் பார்க்கிற பக்கத்துக்கு வந்து சேர்ற வரைக்கும் அந்த வரி முடியல. அதுக்கப்புறம் கடைசி வரைக்கும் ஒரு பிசகு இல்ல. அவ சிரிச்சுக்கிட்டே ஆடினா. பத்தொன்பது வருஷம் கம்பெனியில, அறுபத்திரெண்டு நாள் பந்தல்ல பார்த்திருக்கேன், அப்படி ஒரு சிரிப்பு அந்த முகத்துல பார்த்ததில்ல.

நடுவர் எழுதினது: உடுப்பு ஒரே சீர், மிக நன்று. ஒரு வரி தேவையில்லாம நாலு தடவை பாடப்பட்டது. அரங்கத்துல ஏதோ மருந்து வாசனை. கோப்பை கிழக்கு வார்டுக்கு. ஆறாவது தடவையும் என் கையாலயே எடுத்துக் குடுத்தேன்.

மறுவாரம் வாசகசாலையில அணிக்கூட்டம். டீச்சரே விஷயத்தை எடுத்தாங்க. அன்னிக்கு நடந்தது தண்டனைக்காக ஒரு நாள் ஏற்பாடு, அதை வெச்சு அடுத்த வருஷ இடம் யாருக்கும் உறுதி இல்ல, அணிதான் முடிவு பண்ணணும், கை தூக்குங்கன்னாங்க. அதுல தப்பில்ல. புஷ்பஜாவை வெளிய போகச் சொன்னோம். அவ வராந்தாவுல போய் நின்னா, எங்களுக்கு முதுகைக் காட்டி.

"புஷ்பஜா அடுத்த வருஷமும் வட்டத்துல இருக்கணும்னு நினைக்கிறவங்க"ன்னேன்.

ரம்லத் ரெண்டு கையும் தூக்கினா. ஒண்ணை இறக்கச் சொன்னேன். "நெத்தி வீங்கினது என்னுது, எனக்கு ரெண்டு ஓட்டு வேணும்"னா. இறக்கினா. டீச்சர் கை மடியிலயே இருந்துச்சு. "எனக்கு அவ மேல கோவம் ஒண்ணுமில்ல செயலாளரே. ஆனா இடது இடதுதான்"னாங்க. இன்னும் ரெண்டு பேர் டீச்சரைப் பார்த்துட்டு கையை எடுக்கல.

ஓட்டுப் போட உரிமை உள்ளவங்க டீச்சரோட சேர்த்துப் பன்னெண்டு பேர். ரெண்டு தடவை எண்ணினேன். வேணும்னு தூக்கின கை, ஒன்பது.